கஞ்சி காய்ச்சு

அடுப்பைப் பற்ற வை என்றது.

காதில் விழுந்த குரல் இல்லை. நெஞ்சுக்குள் யாரோ வந்து உட்கார்ந்து சொன்னதுபோல இருந்தது.

அவள் ஜெபமாலை உருட்டிய விரலை நிறுத்தினாள்.

நாலு நாளாக அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. கடலுக்குப் போன புருஷன் சந்தியாகு திரும்பவில்லை. துக்க வீட்டில் தீ மூட்டக்கூடாது என்று பக்கத்து வீடுகளிலிருந்து சோறு வந்தது. அவள் அதைத் தொடவில்லை. அவன் செத்துப்போனான் என்று ஒப்புக்கொண்டால்தானே அந்தச் சோற்றில் கைவைக்க முடியும்?

நாலு நாளும் மன்றாடினாள். கெஞ்சினாள். மாதா சொரூபத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துச் சண்டை போட்டாள். மேலிருந்து ஒரு முனகல்கூட இல்லை. இன்று நாலு மணிக்குத் துக்கமணி அடிக்கப் போகிறார்கள். இன்று பார்த்துத்தான் ஆண்டவர் வாயைத் திறந்தார். திறந்து என்ன சொன்னார்?

கஞ்சி காய்ச்சு.

அவளுக்கு எரிச்சலாக வந்தது. சந்தியாகுவுக்குக் கஞ்சி ஆகவே ஆகாது. காய்ச்சலில் கிடந்தால்கூடச் சோறும் மீன்குழம்பும் கேட்கிற ஆள். பத்து வருஷம் பொங்கிப் போட்டவளுக்குத் தெரியாதா? ஆண்டவருக்கு ஆள் மாறிவிட்டதோ என்று நினைத்தாள்.

இருந்தாலும் எழுந்தாள்.

வேறு எதைப் பிடித்துக்கொண்டு எழுவது?

கஞ்சி கொதிக்கிற வாசனை தெருவுக்குப் போயிற்று. ஜன்னல்கள் திறந்தன. புத்தி பேதலிச்சிட்டு, பாவம் என்று யாரோ சொன்னது அவளுக்கும் கேட்டது. பேதலித்தால்தான் என்ன?

கொழுந்தன் மிக்கேல் வாசலில் வந்து நின்றான்.

"மைனி, அண்ணனுக்க சட்ட ஒண்ணு தாங்க. சாமியாரு கோயில்ல நிக்காரு."

உடல் கிடைக்காதவனுக்குச் சட்டையைப் பெட்டியில் வைத்து அடக்குவது அந்த ஊர் வழக்கம்.

சட்டை கொடியில் கிடந்தது. கொடிக்கயிறு சந்தியாகு கட்டியது. அவன் இடதுகைக்காரன். ஊரார் போடுகிற முடிச்சுக்கு எதிர்ப்பக்கமாக ஓடும் அவன் முடிச்சு. போதாததற்குக் கயிற்று நுனியை இரண்டு தரம் உள்ளே சொருகிவிடுவான். அவிழ்ப்பதற்கு அவள் ஒருத்தியால்தான் முடியும். அதற்காக அவனை எத்தனை தரம் ஏசியிருக்கிறாள்!

சட்டையை உருவித் தோளில் போட்டாள். கஞ்சியைத் தூக்குவாளியில் ஊற்றி மூடினாள். மிக்கேலைத் தாண்டிக் கடற்கரைப் பக்கம் நடந்தாள். நனைந்து வருகிறவனுக்கு மாற்றுச் சட்டை வேண்டாமா?

மிக்கேல் பின்னாலேயே வந்தான்.

வழியில் கஸ்பார் வீடு. புயல் எச்சரிக்கை வந்த பிறகும், ஒரே ஓட்டம் போய்விட்டு வரலாம் வா என்று சந்தியாகுவைத் தன் வள்ளத்தில் கூட்டிப்போனவன். இரண்டு பேராகத்தான் போனார்கள். நாலு நாளும் அந்த வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றியிருக்கிறாள். கஸ்பாரின் மனைவி கதவைச் சாத்தியதில்லை. நின்று வாங்கிக்கொண்டாள்.

இன்று மண் அள்ளக் கை ஒழியவில்லை.

மணலில் உட்கார்ந்தாள். தூக்குவாளியை மடியில் வைத்து முந்தானையால் சுற்றினாள். சூடு வயிற்றில் பட்டது. தேடப் போன படகுகள் நேற்றே திரும்பிவிட்டன. கடல் ஒன்றும் அறியாததுபோலக் கிடந்தது.

நான் காய்ச்சிவிட்டேன். நீர் சொன்னதைச் செய்துவிட்டேன். இனி உம் பாடு.

வெகுநேரம் ஒன்றுமில்லை.

பிறகு, வலை பழுது பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து ஓடினார்கள்.

அலைக்கு அப்பால் வெள்ளையாக ஒரு பிளாஸ்டிக் கேன். கஸ்பாரின் வள்ளத்தில் இருந்த ஒரே கேன். கேனோடு ஓர் ஆள்.

அவளும் ஓடினாள். தண்ணீரில் விழுந்தாள், எழுந்தாள். வாளியை மட்டும் தலைக்கு மேலே பிடித்திருந்தாள். வந்துவிட்டான், வந்துவிட்டான் என்று கத்தினாள். மாதாவைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்ததற்கு மன்னிப்புக் கேட்டாள். அந்தச் சந்தோஷம் பத்தடி தூரம் நீடித்தது.

கரையில் போட்டு முகத்தைத் திருப்பினார்கள்.

கஸ்பார்.

உதடு வெடித்து, கண் ஒட்டிக் கிடந்தான். மூச்சு இருந்தது.

இவனுக்கா? ஆண்டவரே, இவனுக்கா என்னை அடுப்பு மூட்டச் சொன்னீர்?

வாளியை மணலில் கவிழ்த்துவிடலாம் என்றிருந்தது. கை சாயவும் செய்தது.

கேனோடு சேர்த்து அவன் மார்பைச் சுற்றி நைலான் கயிறு இறுகியிருந்தது. வலைக்காரர்களில் ஒருவர் அவிழ்த்துப் பார்த்தார். முடியவில்லை. கத்தியை எடுத்தார்.

முடிச்சு கஸ்பாரின் முதுகில் இருந்தது. தனக்குத்தானே கட்டிக்கொள்ளக் கை எட்டாத இடம்.

அது எதிர்ப்பக்கமாக ஓடியிருந்தது. கயிற்று நுனி இரண்டு தரம் உள்ளே சொருகியிருந்தது.

"அறுக்காதிய. நான் அவுக்கேன்."

வாளியை நேராக மணலில் வைத்தாள். முட்டி போட்டாள். எப்போதும் ஏசிக்கொண்டே அவிழ்க்கிறவள், ஒரு வார்த்தை பேசாமல் அவிழ்த்தாள். உப்பில் ஊறிய கயிறு. ஒரு நகம் பிய்ந்தது. அவசரப்படவில்லை. சந்தியாகு கடைசியாகக் கட்டியது அது.

கயிற்றைத் தன் கையில் சுற்றிக்கொண்டாள்.

தோளில் கிடந்த ஈரச் சட்டையை எடுத்து மிக்கேலிடம் நீட்டினாள்.

அவன் அதை வாங்கிக்கொண்டு கோயிலைப் பார்த்து நடந்தான். தூரத்தில் கஸ்பாரின் மனைவி தலைவிரி கோலமாக ஓடி வந்துகொண்டிருந்தாள்.

அவள் வந்து சேர நேரம் ஆகும்.

இவள் கஸ்பாரின் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வாளியைத் திறந்தாள்.

கஞ்சி, குடிக்கிற சூட்டில் இருந்தது.