முதல் நாள், தனியாக

"அம்மா, இப்ப நின்னது ஆஸ்பத்திரி ஸ்டாப்புங்களா?"

வெள்ளைக் கோலை முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்திப் பிடித்திருந்தவர் இரண்டாம் தடவையாகக் கேட்டார். பக்கத்தில் இருந்த பெண்மணி இரண்டாம் தடவையும் பதில் சொல்லவில்லை.

அவரை அங்கே உட்கார வைத்தது கண்டக்டர்தான். "அந்தம்மா பக்கத்துல எடம் இருக்கு சார், ஜன்னலோரம்" என்று கைபிடித்துக் கூட்டிவந்து விட்டார். அப்போதே அந்தப் பெண்மணி, பின்னால் எங்காவது காலி இருக்கிறதா என்று கழுத்தைத் திருப்பித் தேடினார். இல்லை. முழங்காலை ஒடுக்கி வழிவிட்டு, சீட்டின் விளிம்புக்கு ஒதுங்கிக்கொண்டார். பார்வையின்மை ஏதோ தொற்றுநோய் என்பதுபோல.

"ஆஸ்பத்திரிதான் சார்" என்றார் பின்சீட்டில் இருந்த கணக்கு வாத்தியார். அதோடு நிறுத்தவில்லை. "சில பேருக்கு வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடும் போல."

"காது கேக்காதோ என்னமோ" என்றாள் எதிர்வரிசை நர்ஸ்.

"நல்லாக் கேக்குது. நான் சொன்னதும் முறைச்சாங்களே."

முறைக்கத்தான் செய்தார். முறைத்துவிட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"பரவாயில்லைங்க" என்றார் கோல்காரர். "எண்ணிக்கிட்டேதான் வரேன். ஒரு உறுதிக்குக் கேட்டேன். ஆஸ்பத்திரி அஞ்சாவது. ஏழாவது தபால் ஆபீஸ், அங்க இறங்கணும்."

"தனியாவா போறீங்க?" என்றார் வாத்தியார்.

"இன்னைக்குத்தான் முதல் நாள். பார்வை போய் ஒன்றரை வருஷமாச்சு. முதல் பத்து மாசம் சுவரைப் பார்த்து உக்காந்திருந்தேன். சுவர் தெரியாதுங்கிறது வேற விஷயம். அப்புறம் எட்டு மாசம் கோல் பிடிச்சு நடக்கப் பயிற்சி. பழைய ஆபீஸ்லயே டெலிபோன் போர்டுல போட்டிருக்காங்க. தானா வந்து போக முடியுதான்னு ஒரு மாசம் பார்ப்பாங்களாம். முடியலைன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"முதல் நாள் மட்டும் வீட்டுல யாரையாச்சும் கூட்டிட்டு வந்திருக்கலாமே."

"கூடாதுன்னு நான்தான் சொன்னேன். வாசப்படி தாண்டி ஒரு அடி யாராவது பின்னால வந்தாலும், அப்படியே திரும்பி வந்து உக்காந்துடுவேன், வேலையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்னு கண்டிப்பாச் சொல்லிட்டு வந்திருக்கேன்."

வாத்தியார் உருகிப் போனார். உருகியவர்கள் சும்மா இருப்பதில்லை. யார் மேலாவது ஊற்றுவார்கள்.

"கேட்டீங்களாம்மா? ஒரு மனுஷன் இவ்வளவு தைரியமாக் கிளம்பி வந்திருக்கார். ஒரு வார்த்தை சொன்னா உங்க சொத்தா குறைஞ்சுடும்?"

"விடுங்க சார், படிச்ச திமிரு" என்றது கம்பியில் தொங்கிய ஒரு குரல்.

"படிச்சிருந்தா இப்படியா இருப்பாங்க" என்று நர்ஸ் திருத்தினாள்.

பஸ்ஸில் நான்கு பேர் ஒத்த கருத்துக்கு வருவது அபூர்வம். அன்று பத்துப் பேர் வந்தார்கள்.

ஆறாவது ஸ்டாப்பில் கூட்டம் இன்னும் ஏறியது. பஸ் கிளம்பி, கொஞ்ச தூரம் ஊர்ந்து, மறுபடி நின்றது. முன்வாசலில் இரண்டு பேர் இறங்கும் சத்தம் கேட்டது.

"ஏழு" என்று எழுந்தார் அவர். "கொஞ்சம் வழி விடுங்கம்மா."

பெண்மணி நகரவில்லை. இரண்டு முழங்கால்களையும் முன்சீட்டில் முட்டுக்கொடுத்து, வழியை அடைத்து உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, என் ஸ்டாப் போயிடும்."

பெண்மணியின் ஒரு கை மட்டும் கண்டக்டரை நோக்கி வேகவேகமாக ஆடியது.

"அநியாயமா இருக்கே" என்று வாத்தியார் எழுந்தே விட்டார். "கண் தெரியாதவரைக் காலால மறிக்கிறாங்கய்யா. கண்டக்டர், இங்க வாங்க."

கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்த கண்டக்டர், ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். பிறகு கோல்காரரின் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

"சார், இது ஸ்டாப் இல்ல, சிக்னல். அவசரக்காரங்க ரெண்டு பேர் குதிச்சு ஓடினாங்க. இது நடுரோடு. வலமும் இடமும் வண்டி. நீங்க மட்டும் இறங்கியிருந்தா..."

கோல்காரர் கோலை மறுபடி முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்தினார். "பயிற்சியெல்லாம் மத்தியானத்துல. அந்நேரத்துக்கு இங்க ஒரு நாளும் பஸ் நின்னதில்லை."

வாத்தியார் உட்கார்ந்தார். தோற்ற கட்சிக்காக நர்ஸ்தான் கடைசியாகப் பேசினாள். "நல்லதுதான் பண்ணியிருக்காங்க. அதை வாயால சொல்றதுக்கு என்னவாம்?"

நியாயமான கேள்வி. பதிலாக ஒரு பெருமூச்சு மட்டும் வந்தது.

கோல்காரர் மட்டும் சட்டென்று பெண்மணி பக்கம் முகத்தைத் திருப்பினார்.

தபால் ஆபீஸ் வந்தது. கேட்பதற்கு முன்பே முழங்கால்கள் ஒதுங்கின. "ரொம்ப நன்றிங்க" என்று அந்நியரிடம் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, கோலால் தடவி முன்வாசலுக்கு நடந்தார். பெண்மணி சத்தமில்லாமல் எழுந்து பின்வாசல் பக்கம் நகர்ந்தார்.

"பிடிச்சுக்கட்டுமா சார்?" என்றார் கண்டக்டர்.

"வேண்டாம், நானே இறங்கிடுவேன்." படி இறங்கி, தரையில் காலை ஊன்றிய பிறகு, அவர் குரலைத் தாழ்த்தினார். "என் பக்கத்துல இருந்தவங்க பின்வாசல்ல இறங்குவாங்க. இறங்கினதும் விசில் கொடுங்க."

"உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

"வளையலைக் கழட்டி வெச்சுட்டு வந்தவளுக்குப் பெருமூச்சைக் கழட்டி வைக்கத் தெரியலை. ஒண்ணு சொன்னா ஒம்போது திருப்பிக் கொடுக்கிற என் பொண்டாட்டி, இன்னைக்கு எனக்காக இந்த பஸ் மொத்தத்துக்கிட்டயும் வாயை மூடிக்கிட்டுப் பேச்சு வாங்கியிருக்கா. எனக்குத் தெரிஞ்சதாக் காட்டிக்காதீங்க. நான் தனியாவே வந்து சேர்ந்துட்டேன்னு நிம்மதியா வீட்டுக்குப் போகட்டும்."