எதிர்வீட்டுச் சாப்பாடு

"சூரை மீன்ல நல்ல துண்டெல்லாம் அந்த கேரியர்ல போகுது. கட்டின புருஷனுக்கு வாலா?" என்றார் பொன்னுத்துரை.

"உங்களுக்கு வால் போதும். நீங்க என்ன எனக்கு எதிரியா?" சொர்ணம்மா டிபன் கேரியரை மூடினாள்.

எதிரி எதிர்வீட்டில் இருந்தாள். பெயர் ஒச்சம்மா. அந்தமானில் அவர்கள் இருந்த கராச்சர்மாவில் குழாய்த் தண்ணீர் தினமும் வராது. வந்த ஒரு நாளில், "தண்ணித் திருடி, கழுத்துல சிலுவை வேற" என்று தெருவுக்கே கேட்கும்படி சொர்ணம்மாவை ஏசியவள். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது.

இந்த மழையில் ஒச்சம்மா பாசியில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டாள். புருஷன் இல்லை. ஒரே மகன் சென்னைக் கப்பலில் வேலை பார்க்கிறான், எப்போதாவதுதான் வருவான். அந்த ஞாயிறு ஆராதனை முடிந்து வந்த சொர்ணம்மா, புடவை கூட மாற்றாமல் அடுப்படிக்குப் போனாள். அன்றிலிருந்து மூன்று வேளையும் எதிர்வீட்டுக்குச் சாப்பாடு போயிற்று.

பக்கத்து வீட்டுப் பெங்காலி அம்மாள், "பாகல் ஹை கியா?" என்று, பைத்தியமா என இந்தியில் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஜீசஸ் கா ஆர்டர் ஹை" என்று சொல்லிவிட்டு சொர்ணம்மா தெருவைக் கடந்தாள்.

முதல் நாள் ஒச்சம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"விஷம் கிஷம் வெச்சிருக்கியா?"

"எனக்கும் அந்த யோசனை வந்துச்சு. எங்க ஆண்டவர் ஒத்துக்க மாட்டாரு. சாப்பிடு."

பசி, சாப்பிட்டாள். போகப் போக, கேரியர் சத்தம் கேட்டதுமே எழுந்து உட்காரத் தொடங்கினாள். சொர்ணம்மா பரிமாறுவாள், பாத்திரம் கழுவுவாள், போகும்முன் அவள் உச்சந்தலையில் கொஞ்ச நேரம் கையை வைத்திருப்பாள்.

விஷயம் பாஸ்டர் காதுக்குப் போயிற்று. ஒரு நாள் அவரே சொர்ணம்மாவுடன் பார்க்க வந்தார். அவரைக் கண்டதும் ஒச்சம்மா அழுதுவிட்டாள்.

"பெத்த மகன் ஒரு போன் பண்றதில்ல சாமி. இவ தினமும் வந்து என் தலையத் தொட்டுப் பார்த்துட்டுத்தான் போறா. இவளப் போயி திருடின்னேனே."

சொர்ணம்மா தலையணையைச் சரிசெய்தாள்.

வெளியே வந்ததும் பாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வர்ற ஞாயித்துக்கிழமை நீங்க சபையில சாட்சி சொல்லணும் சிஸ்டர். நம்ம ஆளுங்க ஆண்டவரை சர்ச்சிலயே விட்டுட்டு வீட்டுக்குப் போயிடறாங்க. நீங்கதான் அடுப்படி வரைக்கும் கூட்டிட்டுப் போயிருக்கீங்க."

"சாட்சி இருக்கட்டும் பாஸ்டர். எனக்கு ஒரு சந்தேகம்." சொர்ணம்மா எதிர்வீட்டைத் திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "எதிரிக்குச் சோறு போட்டா, அவ தலைமேல நெருப்புத் தணலை அள்ளிக் கொட்டுற மாதிரின்னு வேதத்துல இருக்குன்னு நீங்கதானே பிரசங்கம் பண்ணீங்க?"

"ஆமா சிஸ்டர்."

"மாசம் ஒண்ணாகப் போகுது. தினமும் தொட்டுப் பாக்குறேன், தலை ஜில்லுன்னுதான் இருக்கு. மீனுக்குப் பதிலா கோழி போட்டுப் பாக்கட்டுமா?"