இறக்கத்துக்கு ஓர் எஞ்சின்

ஸ்பானரை மாட்டிச் சுற்றினாள். எஞ்சின் வழுக்கிக்கொண்டு சுழன்றது.

அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

"பாத்தியாம்மா? ஒத்தக் கையில சுத்துது. வெண்ணெய்!" என்றார் காஜா பாய்.

கம்பத்தில் பழைய எஞ்சின் தேடுகிறவர்கள் அவருடைய கொட்டகைக்குத்தான் வருவார்கள். தரை முழுக்க எஞ்சின்கள். அவளுடைய ஜீப்புக்குப் பொருந்துபவை அவற்றில் இரண்டு.

ஒன்று சரக்கு வேனிலிருந்து இறக்கியது. வெள்ளி பெயின்ட் அடித்திருந்தார்கள். அவள் சுற்றிப் பார்த்தது இதைத்தான். சற்று முன்புதான் பாய் அதை ஓடவிட்டுக் காட்டினார். கூரைத் தகரம் அதிர்ந்தது. தெருவில் போன இருவர் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

மற்றது மூலையில் கிடந்தது. ஏதோ ஒரு பழைய ஜீப்பின் டீசல் எஞ்சின். எண்ணெயும் தூசியும் தோலாகப் படிந்திருந்தன.

அவள் மூலைக்குப் போனாள்.

குந்தி உட்கார்ந்து, முன்பக்க நட்டில் ஸ்பானரை மாட்டினாள். அரைச் சுற்று வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

அழுத்தினாள்.

உள்ளே அடைபட்ட காற்று அவளை மறித்தது.

தோளைக் கொடுத்து அழுத்தினாள். இம்மியும் நகரவில்லை. எங்கேயும் கசிகிற ஓசை இல்லை. மூச்சு வாங்கியது அவளுக்குத்தான்.

பிடியைத் தளர்த்தினாள். ஸ்பானர் திரும்பி வந்து உள்ளங்கையில் அடித்தது.

வலித்தது. சிரித்துவிட்டாள்.

"அதப் போயி ஏம்மா உருட்டிக்கிட்டு இருக்க? எடைக்குப் போட வச்சிருக்கேன். ஏத்தத்துல முக்கும். ஆடு மேய்க்கிறவன் உன்னைய ஓவர்டேக் பண்ணிப் போயிருவான்."

"போகட்டும் பாய்."

"வர்றவன் பூராம் புல்லிங் இருக்கானுதான் கேப்பான். நீ என்னடான்னா…"

"ஏத்தத்துல நின்னுருச்சுன்னா எறங்கித் தள்ளிக்கிரலாம் பாய். எறக்கத்துல யாரு பிடிக்கிறது?"



போன மாதம் மலை இறங்கும்போது ஒன்பதாம் வளைவில் பிரேக் மிதி தரையைத் தொட்டது. எஞ்சினாவது இழுத்துப் பிடிக்கும் என்று முதல் கியருக்கு மாற்றினாள். தேய்ந்துபோன எஞ்சின் வண்டியைப் பிடிக்கவில்லை; அதுவும் கூடவே ஓடியது. மலைப்பக்கம் ஒடித்து, பாறையில் உரசி நிறுத்தினாள்.

பின்னால் பதினோரு பிள்ளைகள். கீழே பள்ளிக்கூடம் போகிறவர்கள்.

யாருக்கும் ஒன்றுமில்லை. நிலானியின் நெற்றியில் மட்டும் ஒரு கீறல்.

நிலானியின் அம்மா அமராவதி சண்டைக்கு வரவில்லை. மறுநாளிலிருந்து மகளை நடத்திக் கூட்டிப் போனாள். ஆறு கிலோமீட்டர். அதற்காக எஸ்டேட்டில் அரை நாள் வேலையை விட்டாள்.

வந்து நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

பாய் அவளிடமிருந்து ஸ்பானரை வாங்கினார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, தானே ஒரு முறை அழுத்திப் பார்த்தார். நின்ற இடத்திலேயே நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் அழுத்தினார்.

பிறகு மெல்லக் கையை எடுத்தார்.

"மாஷா அல்லா," என்றார்.

எஞ்சினை ஏற்றி மாட்ட மூன்று நாள் ஆனது. பிரேக்கையும் புதிதாகப் போட்டாள்.

திங்கள்கிழமை காலை. பத்துப் பிள்ளைகள் ஏறினார்கள்.

ஒன்பதாம் வளைவுக்குச் சற்று மேலே, சாலையோரம் அமராவதியும் நிலானியும் நடந்துகொண்டிருந்தார்கள். ஹாரன் அடிக்கும் முன்பே அமராவதி ஓரம் ஒதுங்கினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

ஜீப்பில் அவள் முதல் கியரைப் போட்டாள்.

பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள். கிளட்சிலிருந்தும் எடுத்தாள். இரண்டு பாதங்களையும் இருக்கையின் விளிம்போரம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

எஞ்சின் ஒரு முறை உறுமியது. முழு மலையும் பின்னாலிருந்து தள்ளியது. அது விடவில்லை. ஒவ்வோர் அடியாக, தானே பார்த்து, வண்டியைக் கீழே இறக்கியது.

அவள் உள்ளங்கால் வழியே அதன் பிடிவாதம் ஏறியது. இப்படி ஒரு பலத்தை அவள் எந்த மனிதனிடமும் கண்டதில்லை.

ஜீப் அமராவதியின் பக்கத்தில் வந்தது. அவள் நடையின் வேகத்துக்கே வந்தது.

"அக்கா, எறக்கி விடுங்க, நாங்க நடந்து முன்னாடி போயிர்றோம்!" பின்னாலிருந்து ஒரு குரல். எல்லாரும் சிரித்தார்கள்.

ஓட்டுகிறவள் அமராவதியை அழைக்கவில்லை.

அமராவதி திரும்பினாள்.

கதவில்லாத ஜீப். ஓட்டுகிறவள் முகத்தை அமராவதி பார்க்கவில்லை. கால்களைப் பார்த்தாள். மிதிகளைப் பார்த்தாள். மறுபடி கால்களைப் பார்த்தாள்.

வளைவு வந்தது. இடப்பக்கம் பள்ளம். பிள்ளைகளின் சிரிப்பு நின்றுபோயிருந்தது.

ஜீப் வளைந்தது. அவர்களும் வளைந்தார்கள்.

வளைவு முடிந்த இடத்தில் அமராவதி மகளின் முதுகிலிருந்து புத்தகப் பையைக் கழற்றினாள். நடந்தபடியே அதை வண்டிக்குள் நீட்டினாள். பின்னால் யாரோ வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்கள்.

மறு கை நிலானியின் விரல்களை விடவில்லை.

அடுத்த வளைவு கண்ணுக்குத் தெரிந்தது.

ஜீப்பில் அவள் கால்களை மிதிகளைத் தொடாமல் அப்படியே வைத்திருந்தாள்.