ரெண்டு தடவை அமுக்குறவர்

“சார், நூத்துக்கணக்குல டெஸ்ட் இருக்கு. அதுல ஆறை மட்டும் டெஸ்டர் பொண்ணு பொறுக்கி எடுத்துத் திரும்பத் திரும்ப ஓட்டிட்டிருக்காங்க. சாயங்காலம் ரிலீஸ்! நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க.”

பற்ற வைத்துவிட்டு நழுவினார் பக்கத்து சீட்டுக்காரர்.

கறாருக்குச் சுர்ரென்று ஏறியது. முதுகுக்குப் பின்னால் ஆபீஸே அவரை அழைப்பது ‘கறார்’ என்றுதான். பஸ் டிக்கெட் எடுக்கும் வலைத்தளம் ஒன்றின் டீம் லீடர் அவர். புதுப் பதிப்பு இன்று வெளியாகாவிட்டால் அவர் தலைதான் உருளும்.

நேராக டெஸ்டர் பெண்ணின் மேஜைக்குப் போனார். ஆள் தொடாமலே பிரவுசர் திறந்தது. மனுஷன் மாதிரியே டிக்கெட் எடுத்துப் பார்க்கிற டெஸ்ட் அது. ஆனால் பெயரை அடிக்கும்போது ஒவ்வொரு எழுத்தாக, ஆடி அசைந்து அடித்தது.

“என்னம்மா, மெஷினுக்குக் காய்ச்சலா?”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

“எல்லா டெஸ்டும் காலையிலேயே ஓடி முடிஞ்சுது சார். அதுக்கப்புறம் புதுப் பதிப்புல டிக்கெட் எடுக்கற பட்டனை மாத்திட்டாங்க. அதான் ‘பெரியவர்’னு பேர் போட்டு வெச்ச ஆறை மட்டும் தனியா ஓட்டறேன். அஞ்சு பாஸ், ஒண்ணு ஃபெயில். பட்டனை ரெண்டு தடவை அமுக்கினா ரெண்டு டிக்கெட் பதிவாயிடுது.”

“யாரு ரெண்டு தடவை அமுக்குவா?”

“சில பேர் அமுக்குவாங்க சார். முதல் தடவை அமுங்கிச்சோ இல்லையோன்னு சந்தேகம்.”

“அந்த மாதிரி முட்டாளுங்களுக்கெல்லாம் நாம கடை நடத்த முடியாது! யாரு அந்தப் பெரியவர்? உங்க மாமனாரா?”

“எனக்கு உறவில்ல சார்.” உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். கறாருக்கு அது திமிராகப் பட்டது.

“ஊரான் வீட்டுப் பெரியவருக்காக ரிலீஸை நிறுத்துவீங்களா? அந்த ஆறையும் தூக்குங்க. இல்லேன்னா நாளைலேர்ந்து வேற டீம் பார்த்துக்குங்க!”

அறையில் சிரிப்பு நின்றது. அவள் முகம் சுண்டிப்போனது.

அந்த நேரம் பார்த்துச் செல்போன் அலறியது. அப்பா! ஆபீஸ் நேரத்தில் அப்பாவின் அழைப்பை வெட்டிவிடுவதுதான் கறாரின் வழக்கம். இன்றோ கோபத்தில் விரல் தவறிப் பச்சையை அமுக்கிவிட்டது.

“சொல்லுங்கப்பா, சீக்கிரம்.”

“அடேயப்பா, எடுத்துட்டியா! அக்கா வீட்டுக்குக் கிளம்பறேன்டா. உன் பங்குக்குக் குழந்தைக்கு ஏதாவது வாங்கிட்டுப் போகட்டுமா?”

“டிக்கெட்? முன்னெல்லாம் எடுக்க வரலைன்னு என் உயிரை எடுப்பீங்களே. கத்துக்கிட்டீங்களா?”

“நானாவது, கத்துக்கறதாவது! நீ போனை எடுக்கலைன்னு உங்க ஆபீஸ் நம்பருக்கே அடிச்சேன். டெஸ்ட் பண்ற பொண்ணாம், தங்கமான பொண்ணு. ‘நீங்க மாற வேணாம் ஐயா, எப்படி அமுக்குவீங்களோ அப்படியே அமுக்குங்க, மெஷினை நாங்க பழக்கிக்கறோம்’னுச்சு. இப்ப ஒத்தை விரலாலதான் அடிக்கறேன், பட்டனை ரெண்டு தடவைதான் அமுக்கறேன். ஆனா ஒரே டிக்கெட்தான் வருது! உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு நான்தான் அதுகிட்ட சத்தியம் வாங்கினேன். நாலு பேருக்குத் தெரிஞ்சா உனக்குத்தானே கௌரவக் குறைச்சல்?”

கறார் திரையைப் பார்த்தார். பெரியவர் இன்னும் ஒவ்வொரு எழுத்தாக அடித்துக்கொண்டிருந்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் அப்பாவேதான் அது, அச்சு அசல் அப்பா! அடக்க முடியாமல் வாய்விட்டுச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“குழந்தைக்குப் பெரிய பொம்மையா வாங்குங்கப்பா” என்று சொல்லிப் போனை வைத்தார்.

“பட்டனைச் சரி பண்ணச் சொல்லும்மா. ரிலீஸ் நாளைக்கு. மேலிடத்துல நான் வாங்கிக் கட்டிக்கறேன். அப்புறம், ஏழாவதா ஒண்ணு சேர்த்துக்க. பெரியவர் போன் பண்ணினா பையன் எடுக்கறானா?”

“அது ரொம்ப நாளா ஃபெயில் சார்.” இந்த முறை அவள் சிரிப்பை அடக்கவில்லை. “இன்னிக்குத்தான் பாஸ்!”

அதுவும் விரல் தவறிப் பாஸானது என்பதைக் கறார் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை.