நேரில் பார்க்க வேண்டும்

எங்கள் லினக்ஸ் மென்பொருள் குழுவில் சம்பளமில்லாமல் வேலை செய்ய வருகிறவரை, எங்களில் ஒருவர் நேரில் பார்த்து அடையாள அட்டையைச் சரிபார்க்க வேண்டும். கம்பைலர் என்ற புரோகிராமை எழுதும் அறிவுச்செல்வன் எனக்கு ஆறு மாதமாக மெயிலில்தான் பழக்கம். நேற்று அவர் வீட்டுக்குப் போன் செய்து, அவரிடமிருந்து மெயில் வருகிறது என்றதும், அவர் அப்பா தர்மராஜ் வரச்சொன்னார். அரியலூரில் இறங்கி வீட்டுக்குப் போனேன்.

தர்மராஜ் மகனின் வாக்காளர் அட்டையை நீட்டினார். பெயர், படம் எல்லாம் சரி.

"ஆளையும் பாக்கணுங்க."

இன்னொரு காகிதத்தை நீட்டினார். மகனின் இறப்புச் சான்றிதழ். தேதி போன வருஷத்தது.

தேதியை இரண்டாம் முறை படித்தேன். "முந்தாநாள்கூட புரோகிராம்ல ஒரு தப்பைத் திருத்தி அனுப்புனாரே?"

"கம்ப்யூட்டரை அப்பவே வித்துட்டோம் சார்."

"அப்ப ஏன் என்னை வரச்சொன்னீங்க?"

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மெயில் வருதுன்னு சொன்னீங்களே... நல்லா இருக்கானா?"