வலை பிடிக்கிறவள்

கோடை விடியலில் சங்கத்தின் மீன்பிடிப் போட்டிக்காக ஏரியில் இறங்கிய படகுகளிலெல்லாம் இரண்டிரண்டு பேர். குணநாயகத்தின் படகில் மட்டும் பின்னிருக்கையில், தூண்டிலில் மாட்டிய மீனை ஏந்தும் கைவலை ஒன்றே கிடந்தது. வழக்கமாக அதைப் பிடிக்கிற மனைவி தவமலர் மாசிப் பனியோடு போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அல்லி இலைகளின் ஓரத்தில் தூண்டில் வில்லாய் வளைந்தது. நீரைக் கிழித்து எழும்பிய பாஸ் மீன், அவர் இதுவரை தொட்டுப் பார்த்திராத பருமன். “மலர், வலையை எடும்!” வாய் தன்பாட்டில் கத்திவிட்டது.

அவர் திரும்பவில்லை; திரும்பாதவரை அவள் பின்னிருக்கையில் வலையோடு குனிந்துகொண்டுதான் இருப்பாள்.

“அண்ணை, வலை உங்களுக்குப் பின்னாலதான் கிடக்கு! திரும்பி எடுங்கோ!” என்று பக்கத்துப் படகுக்காரன் கூவினான்.

மீன் இன்னொருமுறை இழுத்தது. தூண்டிலின் தங்கூசி நூல் இற்றுக்கொண்டு வந்தது.

“அவசரமில்லை மலர்,” என்றார், முன்னால் பார்த்தபடியே. “ஆறுதலா எடும்.”