மூன்றாவது நேர்காணல்

வண்ணார்பேட்டை வீட்டுச் சன்னலோரம் சித்ரலேகாவின் மடிக்கணினி, வேலைக்கான மூன்றாவது வீடியோ நேர்காணலிலும் உறைந்து நிற்கிறது. திரையில் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த பெண்ணின் வாய் பாதி திறந்தபடி இருக்கிறது. அதன்மேல் வெயில் விழுகிறது. அந்தப் பக்கம் தன் முகம் இன்னும் தெரியக்கூடும் என்று சித்ரலேகா சிரிப்பைக் கலைக்காமல் உட்கார்ந்திருக்கிறாள். எந்த விசையைத் தட்டினாலும் திரை அசையவில்லை. அவள் கணவன் குமரகுருபரன் நிலைப்படியில் சாய்ந்து, காப்பியை ஆற்றி ஆற்றிக் குடித்து முடிக்கிறான். பிறகு பைய வந்து, "வைஃபைய ஓட்டுற டிரைவர் சாஃப்ட்வேர்தான் மக்கர் பண்ணுது. தள்ளு, நான் பாக்கேன்" என்கிறான். கணினியை அணைத்துப் போட்டு, பென்டிரைவிலிருந்து புது டிரைவரை ஏற்றுகிறான். எல்லாம் ஓடுகிறது, நேர்காணல் மட்டும் முடிந்துபோயிருக்கிறது. "நீங்க இல்லேன்னா நான் என்ன செய்வேன்" என்று அவள் கண்ணைத் துடைக்கிறாள். காலையில் அவள் குளிக்கப் போனதும் பழுதான பழைய டிரைவரை அவன் ஏற்றியது அதே பென்டிரைவிலிருந்துதான். அதைச் சட்டைப் பைக்குள் போட்டபடி கேட்கிறான்: "அடுத்த இன்டர்வியூ என்னைக்கு?"